எது நிறம் மாறக் கூடாது?

பிளானட் ஜூ விளையாட்டில் ஒரு மரப் பெஞ்சை எடுத்து யானைகளின் அடைப்புக்கு எதிரே போடுகிறீர்கள். அதைச் சொடுக்கினால் நிறப் பலகை விரிகிறது. நீலத்தைத் தொட்டதும் பலகைகள் நீலமாகின்றன. இரும்புக் கால்கள் மட்டும் கறுப்பாகவே நிற்கின்றன. ஆணித் தலைகளிலிருந்து வழிந்த துருக்கறை துருவின் நிறத்திலேயே இருக்கிறது. பெயிண்ட் உரிந்து வெறும் மரம் தெரியும் ஓரங்களும், கால்மாட்டில் படிந்த பாசியும் அப்படியே இருக்கின்றன. மஞ்சளைத் தொட்டாலும் சிவப்பைத் தொட்டாலும் இதே கதைதான். தன் உடம்பில் எது பெயிண்ட், எது பெயிண்ட் இல்லை என்பது அந்தப் பெஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த அறிவை யாரோ ஒருவர் புள்ளி புள்ளியாக அதற்குள் எழுதி வைத்திருக்கிறார். அவர் விளையாட்டு நிறுவனத்தின் ஓவியராக இருக்கலாம். வேலை முடிந்து வீடு திரும்பி, இரவில் கணினி முன் உட்காரும் ஒரு ரசிகராகவும் இருக்கலாம். விளையாட்டோடு வராத புதுப் பொருள்களைத் தாமே செய்து அதில் சேர்க்கிறவர்களை மாடர்கள் என்கிறார்கள். அவர்கள் செய்வது மாட். பெஞ்ச், வேலி, பாறை, விளக்குக் கம்பம், கூரை ஓடு என்று இவர்கள் செய்து தள்ளும் அலங்காரப் பொருள்களில் மிக அதிகம் விரும்பப்படுகிறவை நிறம் மாற்றத்தக்கவை. அதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் இயற்பியலிலும் கணிதத்திலும் கால் வைத்திருக்கிறது. கூடவே நல்ல பெயிண்டரின் கண்ணும் வேண்டும்.

விளையாட்டின் வம்சத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிளானட் ஜூ 2019 நவம்பரில் வந்தது. செய்தவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஃப்ரான்டியர் நிறுவனத்தார். டேவிட் ப்ரேபன் 1994இல் தொடங்கிய நிறுவனம் அது. 2004இல் ரோலர்கோஸ்டர் டைகூன் 3, 2013இல் எக்ஸ்பாக்ஸுக்கான ஜூ டைகூன், 2016இல் பிளானட் கோஸ்டர் ஆகியவற்றையும் செய்தவர்கள் இவர்களே. இவற்றுக்கெல்லாம் முன்பு, 2001இல், அமெரிக்காவின் ப்ளூ ஃபேங் நிறுவனம் செய்து மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் ஜூ டைகூன் இருந்தது. 2004இல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. இரண்டிலும் விளையாட்டின் கோப்புகள் சாதாரண ஜிப் கோப்புகளாகவே இருந்தன. பின்னொட்டு மட்டும்தான் வேறு. பின்னொட்டை மாற்றினால் யாரும் பிரித்துப் பார்க்கலாம், படங்களை எடுத்துத் திருத்தலாம், திரும்பக் கட்டி வைக்கலாம். ஒரு தலைமுறையே அப்படித்தான் இந்தக் கலையைக் கற்றது. ஆனால் அங்கே பச்சை வேலி வேண்டுமானால் பச்சை வேலி என்று ஒரு பொருள் செய்ய வேண்டும்; நீல வேலி வேண்டுமானால் இன்னொன்று. பட்டியல் நீண்டுகொண்டே போகும், வேலி ஒன்றே ஒன்றுதான்.

அந்தக் காலத்திலேயே இதற்கு மிக அழகான ஒரு தீர்வு பக்கத்து வீட்டில் இருந்தது. கிறிஸ் சாயர் செய்த ரோலர்கோஸ்டர் டைகூன் 2இல் திரை முழுவதற்கும் 256 நிறங்கள்தான். ஒவ்வொரு பிக்ஸலும் தன் நிறத்தைச் சுமப்பதில்லை. நிற அட்டவணையில் எந்த வரிசை எண் தன்னுடையது என்பதை மட்டும் சுமக்கும். அந்த 256 எண்களில் 243 முதல் 254 வரையான 12 எண்களை ஒதுக்கி வைத்தார்கள். ஒரே நிறத்தின் இருட்டிலிருந்து வெளிச்சம் வரையான 12 படிகள் அவை. ஓவியர் ஒரு கூரையை அந்த 12 எண்களால் மட்டும் வரைந்தால், அந்தக் கூரை நிறம் மாறும் கூரை ஆகிவிடும். ஆட்டக்காரர் ஊதாவைத் தேர்ந்தால், வரையும் நேரத்தில் அந்த 12 எண்களுக்குப் பதிலாக ஊதாவின் 12 படிகள் வந்து உட்காரும். இரண்டாவது நிறத்துக்கு 202 முதல் 213 வரை இன்னொரு 12. பெருக்கல் இல்லை, வகுத்தல் இல்லை, ஒரு எண்ணை எடுத்து இன்னொன்றை வைக்கும் வேலை மட்டுமே. கணினியின் நினைவகம் சிறுத்திருந்த நாளில் இதைவிடச் சிக்கனமான வழி இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்த வழியின் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. ஒரு பிக்ஸல் ஒன்று நிறம் மாறும், அல்லது மாறாது. பாதி மாறுவது என்ற நிலை இல்லை. வெயிலில் வெளுத்து, பாதி பெயிண்டும் பாதி மரமுமாக நிற்கும் ஒரு பலகையை அந்த முறையால் சொல்ல முடியாது. முப்பரிமாண விளையாட்டுகள் வந்தபோது இந்தப் ‘பாதி’யைக் கையாளத்தான் புது வழி தேவைப்பட்டது.

முப்பரிமாணப் பொருள் என்பது முக்கோணங்களால் ஆன ஒரு கூடு. அதன் மேல் ஒட்டப்படும் படம்தான் டெக்ஸ்ச்சர். இந்த உத்தியை 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்தவர் எட் கேட்மல். பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். ஒட்டுவதற்கு முன்னால் கூட்டின் தோலை உரித்துத் தட்டையாக விரிக்க வேண்டும். அந்த விரிப்புக்கு யூவி என்று பெயர். பெஞ்சின் ஒவ்வொரு பலகையும், ஒவ்வொரு காலும் அந்தத் தட்டைப் பரப்பில் தனக்கென்று ஓரிடம் பெறுகிறது.

இன்றைய பொருளுக்கு ஒரு படம் போதாது, பல வேண்டும். அடிநிறம் ஒரு படம். மேடுபள்ளம் இன்னொன்று. எங்கே சொரசொரப்பு, எங்கே வழவழப்பு என்பது மூன்றாவது. எது உலோகம், எது உலோகம் இல்லை என்பது நான்காவது. நிறம் மாறும் பொருளுக்கு இவற்றோடு மாஸ்க் என்ற படம் சேர்கிறது. சுவரில் தகட்டை வைத்து எழுத்து அடிக்கும்போது வெட்டிய இடத்தில் மட்டும் பெயிண்ட் இறங்குமே, மாஸ்க் அப்படிப்பட்ட ஒரு தகடு. ஆனால் இந்தத் தகட்டில் முழுத் துளை, துளையின்மை தவிர, இடைப்பட்ட 254 நிலைகளும் உண்டு. 0 என்றால் பெயிண்ட் துளியும் இறங்காது. 255 என்றால் முழுதாக இறங்கும். 100 என்றால் மெல்லிய பூச்சு. ஒரு சாதாரணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுதிறன் என்று நான்கு தடங்கள் இருப்பதால், ஒரே படத்துக்குள் நான்கு மாஸ்க்குகளை மடித்து வைக்கலாம். பிளானட் ஜூவில் ஒரு பொருளுக்கு நான்கு நிறம் வரை தேர்ந்தெடுக்க முடிவது இதனோடு ஒட்டி வருகிறது. அதன் நிறமாற்ற ஏற்பாட்டுக்கு ஃப்ளெக்ஸிகலர் என்று பெயர்.

சூத்திரம் எளிது. மாஸ்க் மதிப்பு முழுதாக உள்ள இடத்தில் அடிநிறத்தை ஆட்டக்காரரின் நிறத்தால் பெருக்கு. மாஸ்க் இல்லாத இடத்தில் அடிநிறத்தை அப்படியே விடு. நடுவில் இருந்தால் இரண்டையும் அந்த விகிதத்தில் கல. விளையாட்டுக்கு விளையாட்டு நுணுக்கம் மாறும், சிலவற்றில் கூட்டலும் உண்டு, அடிப்படை இதுதான். 3840க்கு 2160 என்ற 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்ஸல்கள் இருக்கின்றன. நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்பட்டால், நொடிக்குச் சுமார் 50 கோடி பிக்ஸல்களுக்கு நிறம் கணக்கிட வேண்டும். வரைகலைச் சிப்புக்கு இந்தப் பெருக்கலும் கலத்தலும் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் நீலத்தைத் தொட்ட கணமே பெஞ்ச் நீலமாகிறது.

ஏன் பெருக்கல்? இங்கேதான் இயற்பியல் வருகிறது. ஒரு பரப்பு தன் மேல் விழும் ஒளியில் ஒவ்வொரு நிறப் பகுதியிலும் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, மீதியை விழுங்குகிறது. சிவப்புப் பெயிண்ட் சிவப்பொளியில் பெரும்பங்கைத் திருப்பி, பச்சையையும் நீலத்தையும் விழுங்கிவிடும். பங்கின் மேல் பங்கு என்றால் பெருக்கல். இதிலிருந்து மாடருக்கு ஒரு கறாரான விதி கிடைக்கிறது: பெருக்கல் ஒருபோதும் வெளிச்சம் கூட்டாது. ஒன்றுக்குக் குறைந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இரண்டையும் விடச் சிறிய எண்ணே வரும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். வெளிறிய சாம்பல் நிறப் பலகை ஒன்று, சிவப்பு-பச்சை-நீலம் மூன்றிலும் 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர் 0.1, 0.2, 0.7 என்ற நீலத்தைத் தேர்கிறார். பெருக்கினால் 0.08, 0.16, 0.56. நல்ல நீலம், கேட்டதற்கு மிக அருகில். இப்போது அதே பலகை இயல்பான மரப் பழுப்பில், 0.5, 0.3, 0.15 என்று இருந்தால்? விடை 0.05, 0.06, 0.105. அது நீலமே இல்லை, கிட்டத்தட்டக் கறுப்பு. மரத்தின் புகைப்படத்தை எடுத்து அப்படியே அடிநிறமாக வைத்து, மேலே ஒரு மாஸ்க்கை வைத்தவுடன் எந்த நிறம் கொடுத்தாலும் சேறாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். பழுப்பு என்பதே நீலத்தை ஏற்கெனவே விழுங்கிவிட்ட நிறம். விழுங்கப்பட்டதை எந்தச் சூத்திரத்தாலும் மீட்க முடியாது.

ஆகவே நிறம் மாறும் பகுதிகளில் முதல் வேலை, நிறத்தை வடித்தெடுப்பது. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. மனிதக் கண்ணுக்குப் பச்சை மிகப் பிரகாசம், நீலம் மிக மங்கல். மூன்று தடங்களையும் சமமாகக் கூட்டி மூன்றால் வகுத்தால் தப்பான சாம்பல் கிடைக்கும். இன்றைய திரைகளுக்கான தரப்படி சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722 என்று எடை கொடுத்துக் கூட்ட வேண்டும். அப்படிக் கிடைத்த சாம்பல் படத்தை மேலே தூக்க வேண்டும். சராசரி வெண்மையை நெருங்கி நிற்க வேண்டும். ரேகைகளும் வெடிப்புகளும் மட்டும் அதற்குக் கீழே இறங்கலாம். இப்படிச் செய்த படத்தைத் தனியாகப் பார்த்தால் சோகை பிடித்த மாதிரி இருக்கும். நிறம் இறங்கிய பிறகுதான் அது உயிர் பெறும்.

இன்னொரு கண்ணி எண்களுக்குள் ஒளிந்திருக்கிறது. படக் கோப்பில் 0 முதல் 255 வரை எழுதப்படும் எண்கள் ஒளியின் அளவை நேராகச் சொல்வதில்லை. எஸ்ஆர்ஜிபி என்ற தரப்படி அவை வளைக்கப்பட்டவை. 128 பாதி ஒளி என்று தோன்றும். உண்மையில் அது சுமார் 21.6 சதவீதம். பாதி ஒளி வேண்டுமானால் 188க்குப் போக வேண்டும். கண் இருட்டின் நுண்வேறுபாடுகளைக் கூர்மையாகப் பிரித்தறியும் என்பதால், இருட்டுப் பக்கத்துக்கு அதிக எண்களை ஒதுக்கிய ஏற்பாடு அது. அடிநிறப் படத்துக்கு அது சரி. மாஸ்க்குக்குச் சரியில்லை. மாஸ்க் ஒரு நிறம் கிடையாது, ஒரு விகிதம். அதை எஸ்ஆர்ஜிபி என்று குறித்துச் சேமித்தால், நீங்கள் பாதிப் பூச்சு என்று நினைத்து வைத்த இடம் ஐந்தில் ஒரு பங்குப் பூச்சாகிவிடும். மென்மையாக மங்க வேண்டிய பெயிண்ட் ஓரம் சட்டென்று வெட்டுப்பட்டு நிற்கும். பலர் மாஸ்க்கைத் திரும்பத் திரும்ப வரைந்து தவிக்கும் இந்தக் கோளாறுக்கு மருந்து, சேமிக்கும்போது ஒரே ஒரு தேர்வுப் பெட்டி.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. கலை தொடங்குவது மாஸ்க்கில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவில்தான். என் பார்வையில் ஒரு நல்ல மாடரையும் சாதாரண மாடரையும் பிரிப்பது இந்த இடமே. முழுப் பெஞ்சையும் வெள்ளை மாஸ்க்கால் மூடிவிட்டால் நிறம் மாறத்தான் செய்யும். ஆணியும் நீலம், துருவும் நீலம், பாசியும் நீலம். அப்போது அது பெஞ்சாக இருக்காது, நீல பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மையாகிவிடும். உலகத்தில் எந்தப் பொருளும் முழுக்க ஒரே பெயிண்டால் ஆனதில்லை. கை படும் இடம் தேய்கிறது. மழை ஒழுகும் வழி கறுக்கிறது. தரைக்கு அருகே சேறு தெறிக்கிறது. இவை எல்லாம் பெயிண்டுக்குப் பின்னால் வந்தவை. பெயிண்டின் நிறம் மாறினால் இவை மாறக் கூடாது. உரிந்த இடம் பெயிண்டுக்கு முன்னால் இருந்ததைக் காட்டுகிறது. அதுவும் மாறக் கூடாது. ஒரு பொருளின் மேல் காலம் எந்த வரிசையில் படிந்தது என்பதை யோசித்து, பெயிண்ட் என்ற ஒரே ஒரு அடுக்கை மட்டும் உருவி எடுத்து ஆட்டக்காரர் கையில் கொடுப்பதுதான் மாஸ்க் வரைகிறவரின் வேலை.

உலோகத்தில் இது இன்னும் நுட்பமாகிறது. மரம், கல், பிளாஸ்டிக் போன்றவை தங்கள் நிறத்தை உள்ளே சிதறி வெளிவரும் ஒளியால் காட்டுகின்றன. அவற்றின் மேல் மின்னும் பளபளப்பு நிறமற்றது. உலோகத்தில் உள்ளிருந்து சிதறி வருவது என்று எதுவும் இல்லை. பளபளப்பே நிறம் கொண்டிருக்கும். தங்கத்தின் மஞ்சள் அதன் பிரதிபலிப்பில்தான் இருக்கிறது. இப்போது பெயிண்ட் அடித்த இரும்பு வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரும்பு என்றாலும் வெளிச்சம் சந்திப்பது பெயிண்டை; பெயிண்ட் உலோகம் இல்லை. எனவே மாஸ்க் வெள்ளையாக உள்ள இடத்தில் உலோகப் படம் கறுப்பாக இருக்க வேண்டும். பெயிண்ட் உரிந்து இரும்பு பளிச்சிடும் கீறலில் மாஸ்க் கறுப்பு, உலோகம் வெள்ளை. துருவோ இரும்பின் ஆக்ஸைடு. அங்கே இரண்டுமே கறுப்பு. இரண்டு படங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் வரையப்பட்டால், பச்சை நிறம் கொடுத்ததும் வேலி கிறிஸ்துமஸ் மரத்தின் ஜிகினா உருண்டை போல மினுங்கும். வேலியின் நிறம் தப்பு என்று ஆட்டக்காரருக்குத் தோன்றும். ஏன் என்று சொல்லத் தெரியாது.

பாறை இன்னொரு பெரிய பாடம். மிருகக்காட்சி சாலைகளில் பாறைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1907இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் தம் விலங்குப் பூங்காவைத் திறந்தார். கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக அகழிகளும் செயற்கைப் பாறைகளும் வைத்து, விலங்குகள் திறந்த வெளியில் நிற்பது போன்ற காட்சியை அமைத்தார். அந்தப் பாறைகளை வடித்தவர் சுவிட்சர்லாந்துச் சிற்பி உர்ஸ் எகென்ஷ்வீலர். இன்றும் உலகின் பல பூங்காக்களில் நாம் பாறை என்று பார்ப்பது, கம்பி வலையின் மேல் அடித்த சிமென்ட் கலவை. இறுகும் முன் செதுக்கி, மெல்லிய நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, பள்ளங்களில் கருமையையும் மேடுகளில் வெளுப்பையும் கொண்டுவருகிறார்கள். மாடர் செய்வதும் அச்சாக இதையே. பாறைக்கு ஒரே மாஸ்க் வைத்தால் அது சாயத்தில் முக்கியெடுத்த மாதிரி இருக்கும். முகத்துக்கு ஒரு தடம், அடுக்குக் கோடுகளுக்கு இரண்டாவது, பாசிக்கு மூன்றாவது என்று பிரித்தால், ஒரே பாறை செம்மணற்கல்லாகவும் ஆகும், கருங்கல்லாகவும் ஆகும், மழைக்காட்டுப் பாறையாகவும் ஆகும். பொருளைச் செய்தவர் நினைத்தே பார்க்காத பூங்காக்களில் அது போய் நிற்கும்.

சிறிய குறிப்பு ஒன்று. இந்த நிறங்கள் எல்லாம் பார்வையாளரான மனிதருக்காகத்தான். பெரும்பாலான பாலூட்டிகளின் கண்ணில் நிறம் அறியும் கூம்பு வகைகள் இரண்டே. சிவப்பையும் பச்சையையும் அவை பிரித்தறிவதில்லை. புலியின் செம்மஞ்சள் உடல் மானின் கண்ணுக்கு இலைகளோடு கலந்துபோவதும் அதனால்தான். நிஜப் பூங்காவில் அடைப்புக்குள் நீங்கள் பார்த்துப் பார்த்துப் பூசும் செந்நிறத்தை உள்ளே வாழும் புலியோ மானோ நம்மைப் போலப் பார்ப்பதில்லை.

இனி ஒரு கசப்பான விஷயம்: சுருக்கம். டெக்ஸ்ச்சர்கள் வரைகலைச் சிப்பின் நினைவகத்தில் அப்படியே போய் உட்காருவதில்லை, சுருக்கப்பட்டே உட்காருகின்றன. பழைய, இன்றும் புழங்கும் பிசி1 என்ற முறை படத்தை 4க்கு 4 கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 16 பிக்ஸல்கள். அந்தப் பதினாறுக்கும் சேர்த்து இரண்டே நிறங்களை எழுதி வைக்கிறது. அவற்றுக்கு நடுவே இரண்டு இடைநிறங்களைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. ஒவ்வொரு பிக்ஸலும் இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 48 பைட் 8 பைட்டாகிறது. புல்லுக்கும் மண்ணுக்கும் இது போதும், ஏனென்றால் ஒரு சிறு கட்டத்துக்குள் அவற்றின் நிறங்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். மாஸ்க் அப்படி இல்லை. சிவப்புத் தடம் பலகைக்கு, பச்சைத் தடம் சட்டத்துக்கு, நீலத் தடம் பூ வேலைப்பாட்டுக்கு என்று வைத்து, மூன்றும் ஒரே கட்டத்துக்குள் சந்தித்தால் என்ன ஆகும்? சிவப்பு, பச்சை, நீலம் மூன்று புள்ளிகளையும் ஒரே நேர்கோட்டில் வைக்க முடியாது. ஒன்று பலியாகும். பூ வேலைப்பாட்டின் ஓரத்தில் சட்டத்தின் நிறம் கசியும். கோப்பைத் திறந்து பார்த்தால் மாஸ்க் கூர்மையாக இருக்கும். விளையாட்டில் பார்த்தால் ஓரமெல்லாம் அழுக்கு.

இதற்கு வழிகள் இருக்கின்றன. பிசி7 என்ற புதிய முறை கட்டத்துக்கு 16 பைட் எடுத்துக்கொண்டு, தேவைப்பட்டால் கட்டத்தையே இரண்டு மூன்று குழுக்களாகப் பிரித்துத் தனித்தனிக் கோடு கொடுக்கிறது. அதைவிடச் சிறந்த வழி யூவி விரிப்பின்போதே யோசிப்பது: வெவ்வேறு நிறம் ஏற்கும் பகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைக்காமல், நடுவே நாலைந்து பிக்ஸலாவது இடைவெளி விடுவது. அந்த இடைவெளி தூரத்திலும் காப்பாற்றும். 1983இல் லான்ஸ் வில்லியம்ஸ் விளக்கிய மிப்மேப் முறைப்படி, ஒவ்வொரு டெக்ஸ்ச்சரும் பாதி, கால், அரைக்கால் என்று சிறுத்துக்கொண்டே போகும் பிரதிகளோடு சேமிக்கப்படுகிறது. பொருள் தூரமாகப் போகப் போகச் சிறிய பிரதி பயன்படும். சிறிய பிரதியில் பக்கத்துப் பிக்ஸல்கள் சராசரியாகின்றன. அங்கே அண்டை வீட்டு மாஸ்க் கலந்துவிட்டால், அருகில் சரியாக இருந்த விளக்குக் கம்பம் தூரத்தில் வேறு நிறம் காட்டும். இடைவெளியை அகலமாக விட்டு, ஒவ்வொரு பகுதியின் மதிப்பையும் அந்த இடைவெளிக்குள் கொஞ்சம் வழியவும் விட்டால் இந்தத் தொல்லை அடங்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, பத்து நிறத்துக்குப் பத்துப் படம் வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கணக்கே பதில் சொல்லும். 2048க்கு 2048 அளவுள்ள ஒரு டெக்ஸ்ச்சர் பிசி7 முறையில் பிக்ஸலுக்கு ஒரு பைட் வீதம் 4 மெகாபைட். மிப்மேப் பிரதிகளுக்காக அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் சுமார் 5.3. இருபது நிறங்களுக்கு இருபது படம் என்றால் 100 மெகாபைட்டைத் தாண்டும், அதுவும் அந்த இருபது நிறம் மட்டும்தான். அடிநிறமும் மாஸ்க்கும் சேர்ந்தால் 11 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். நிறங்களுக்கோ எல்லையே இல்லை. ஆயிரக்கணக்கான பொருள்களை அடுக்கி ஒரு முழுப் பூங்காவைக் கட்டுகிற விளையாட்டில் இந்த வித்தியாசம்தான் ஓடுவதற்கும் திணறுவதற்கும் இடையில் நிற்கிறது.

செய்த பொருளை விளையாட்டுக்குள் கொண்டுசேர்ப்பது தனிக் கதை. அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிளானட் ஜூவுக்குப் புதுப் பொருள் சேர்க்கும் கருவியை ஃப்ரான்டியர் தரவில்லை. ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தின் வழியாக ஆட்டக்காரர்கள் பகிர்ந்துகொள்வது, உள்ளே இருக்கும் பொருள்களால் கட்டிய வடிவங்களையே. புதிதாக ஒன்று வேண்டுமானால், ஃப்ரான்டியரின் கோப்ரா எஞ்சின் பயன்படுத்தும் ஓவிஎல் என்ற கட்டுக்கோப்புகளைத் திறந்து மூட வேண்டும். அதற்காக ரசிகர்களே எழுதிய திறந்தமூலக் கருவி கோப்ரா டூல்ஸ். கூட்டை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்து, இந்தக் கருவியின் துணையோடு விளையாட்டின் வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். எந்த டெக்ஸ்ச்சர் எந்த வேலைக்கு என்று சொல்லும் மெட்டீரியல் கோப்பில்தான் மாஸ்க்கின் இடமும் குறிக்கப்படுகிறது. நிறமாற்றத்தை ஆதரிக்கும் ஒரு மெட்டீரியலை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால், எவ்வளவு அருமையான மாஸ்க்கும் பயன்படாது. பொருளின் பெயர், விலை, எந்தப் பட்டியலில் வர வேண்டும் போன்றவை ஒரு தரவுத்தளத்தில் எழுதப்படுகின்றன. அது சாதாரண எஸ்க்யூலைட் கோப்புதான். கடைசியாக மாட்டுக்கென்று தனி அடையாள எண் தாங்கிய மேனிஃபெஸ்ட் கோப்பு. விளையாட்டு புதுப்பிக்கப்படும்போது இவற்றில் ஏதாவது உடையும். உடைந்ததைப் பொறுமையாகச் சரிசெய்துகொண்டே வருகிறவர்கள் கூலி வாங்காமல் உழைப்பவர்கள் என்பதைப் பயன்படுத்துகிறவர்கள் மறக்கக் கூடாது. அதேபோல இன்னொரு விளையாட்டிலிருந்தோ இன்னொருவர் மாட்டிலிருந்தோ கூட்டையும் படத்தையும் அனுமதியின்றி எடுத்துப் போடுவதை இந்த வட்டத்தில் யாரும் மன்னிப்பதில்லை. அது நியாயமும்கூட.

தொகுப்பாகச் செய்கிறவர்கள் ஒன்றைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்: எந்தத் தடம் எதற்கு. சுவர், கதவு, கூரை, தூண் என்று முப்பது பொருள் செய்தால், முப்பதிலும் முதல் நிறம் பூச்சுக்கு, இரண்டாவது மரத்துக்கு, மூன்றாவது உலோகத்துக்கு என்று ஒரே ஒழுங்கு இருக்க வேண்டும். ஆட்டக்காரர் ஒரு வீட்டைக் கட்டி மொத்தமாகத் தேர்ந்து நிறம் மாற்றும்போது அந்த ஒழுங்கின் அருமை தெரியும். ஒரு கதவில் மட்டும் வரிசை புரண்டிருந்தால், அந்தக் கதவைப் பிடித்துத் தனியாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முன்கூட்டி வைக்கும் இயல்பு நிறங்களும் முக்கியம். பலர் எதையும் மாற்றாமல் அப்படியே வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு உங்கள் இயல்பு நிறம்தான் உங்கள் படைப்பு.

முயன்று பார்க்க நினைக்கிறவர்களுக்கு: பிளெண்டர் இலவசம், படம் வரைய கிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசம். மாளிகையில் தொடங்காதீர்கள். ஒரு பெஞ்ச் போதும், அதில் இரண்டு நிறம் போதும். அடிநிறத்தைச் சாம்பலாக்கி மேலே தூக்குங்கள். மாஸ்க்கை எஸ்ஆர்ஜிபி இல்லாமல் சேமியுங்கள். பிறகு வெள்ளை, கறுப்பு, கருஞ்சிவப்பு, எலுமிச்சை மஞ்சள் என்று நான்கு நிறங்களையும் போட்டுப் பாருங்கள். நான்கிலும் அது அதே பழைய பெஞ்சாகத் தெரிந்தால் வெளியிடுங்கள். தெரியவில்லை என்றால் மாஸ்க்குக்குத் திரும்பிப் போய், ஆணிகளையும் துருவையும் உரிந்த ஓரங்களையும் முதலில் விடுவியுங்கள்.